மாத்திரையின் அளவை நிர்ணயிப்பது யார்?

(அலங்காநல்லூரில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



அலங்காநல்லூருக்கு வந்து ரத்தத்தைப் பற்றிப் பேசுவதற்கு யாரும் கொஞ்சம் கூச்சப்படத்தான் வேண்டும். தை பிறந்தால் வாடிவாசலில் நீங்கள் பார்க்காத ரத்தமா? கொம்பு பட்ட பையனைத் துண்டால் இறுகக் கட்டித் தூக்கிக்கொண்டு ஓடுகிறீர்கள். சிறு காயமானால் கொஞ்ச நேரத்தில் ரத்தம் தானே நின்றுவிடுகிறது. அது உறைகிறது, அதனால் நிற்கிறது. உறையாவிட்டால் சிறு கீறலும் எமன்தான். ஆனால் அதே ரத்தம் உறையக் கூடாத இடத்தில், இருதயத்துக்குள்ளோ மூளைக்குப் போகிற குழாயிலோ, உறைந்துவிட்டால் அதுவும் எமன்தான். இந்த இரண்டு எமன்களுக்கும் நடுவே, மழைக்காலத்து வரப்பில் நடப்பதுபோல நடந்து பிழைக்கிற ஜனங்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

எனக்குத் தெரிந்த ஒரு தாய் இருக்கிறார். கரும்பு வெட்டுகிற குடும்பம். இருதயத்தில் வால்வு மாற்றியவர். தினசரி இரவு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். அதே தெருவில் இன்னொருவர். காலில் ரத்தம் கட்டி, அவருக்கும் அதே பெயர் மாத்திரையை எழுதிக் கொடுத்திருந்தார்கள். கையிலிருந்தது தீர்ந்துபோயிற்று. டவுனுக்குப் போனால் ஒருநாள் கூலி போகும். "பெயர் ஒன்றுதானே" என்று அந்தத் தாயிடமே வாங்கி, அவர் சாப்பிடுகிற கணக்கிலேயே இவரும் விழுங்கினார். நாலைந்து நாளில் பல் ஈறில் ரத்தம் கசிந்தது. அடுத்து சிறுநீர் சிவந்தது. நல்லவேளையாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள், பிழைத்தார்.

அந்தத் தாய் என்னிடம் கேட்டார்: "ஒரே தெரு, ஒரே தண்ணி, ஒரே மாத்திரை. எனக்கு ஒத்துக்கிட்டது அவருக்கு ஏண்ணே ஒத்துக்கல?"

தோழர்களே, பெரிய பெரிய சர்வகலாசாலைகள் எழுபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி இது! அந்தத் தாய் படித்தது மூன்றாம் வகுப்பு.

முதலில் ஒரு விஷயம். "ரத்தம் மெலியறதுக்கு மாத்திரை" என்று சொல்லுகிறோம். டாக்டர்களும் அப்படியே சொல்லுகிறார்கள். பாலில் தண்ணீர் ஊற்றியதுபோல ரத்தம் ஒன்றும் மெலிவதில்லை. உறையும் வேகம் குறைகிறது, அவ்வளவுதான். இந்த மருந்துகளில் வார்பரின் என்றும், அசினோகுமரால் என்றும் இரண்டு நம் நாட்டில் அதிகம் புழங்குகின்றன. இரண்டும் உறவுக்காரர்கள்; ஆனால் இதில் ஒரு மில்லிகிராமும் அதில் ஒரு மில்லிகிராமும் சமமல்ல.

இது மாட்டில் துவங்கிய கதை. மாட்டை அறிந்த ஊர் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்லுகிறேன். 1920-களில் அமெரிக்காவின் வடபகுதியிலும் கனடாவிலும் கால்நடைகள் காரணம் தெரியாமல் ரத்தம் கொட்டிச் செத்தன. கொம்பு அறுத்தால் ரத்தம் நிற்காது. காயடித்தால் காளை அந்த இடத்திலேயே சாகும். நம் குதிரைமசால் போன்ற ஒரு தீவனப் பயிர், ஸ்வீட் குளோவர் என்று பெயர். அது மழையில் நனைந்து பூசணம் பிடித்தால் வசதியுள்ளவன் எறிந்துவிடுவான். வசதி இல்லாத குடியானவன் என்ன செய்வான்? அதையே போட்டான். மாடுகள் செத்தன.

1933 பிப்ரவரியில், உலகமே பொருளாதார நெருக்கடியில் கிடந்தபோது, விஸ்கான்ஸின் ராஜ்யத்தைச் சேர்ந்த எட் கார்ல்ஸன் என்ற குடியானவர், செத்த கிடாரி ஒன்றையும், ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும், கெட்டுப்போன தீவனத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, பனிப்புயலில் ஏறக்குறைய 190 மைல் ஓட்டி மாடிஸன் நகரத்துக்கு வந்தார். கார்ல் பால் லிங்க் என்ற ரசாயன விஞ்ஞானியின் கதவைத் தட்டினார். அன்று அவருக்குச் சொல்ல லிங்கிடம் பதில் இல்லை. ஆனால் அந்த ரத்தக் கேனை அவர் மறக்கவில்லை. ஆறு வருஷம் கழித்து, 1939-ல், பூசணம் பிடித்த தீவனத்திலிருந்து அந்த விஷத்தைத் தனியே பிரித்தெடுத்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் வார்பரின். 1948-ல் அதை எலி மருந்தாக விற்றார்கள். 1954-ல் மனிதனுக்கு மருந்தாயிற்று. 1955-ல் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவருக்கும் அதைத்தான் கொடுத்தார்கள். எலிக்கும் ஜனாதிபதிக்கும் ஒரே மருந்து! அளவில்தான் வித்தியாசம்.

அந்த அளவுதான் இங்கே விவகாரம். கொஞ்சம் குறைந்தால் வால்வில் கட்டி சேரும்; கொஞ்சம் கூடினால் ரத்தம் கொட்டும். ஒருவருக்கு நாளைக்கு 2 மில்லிகிராம் வார்பரின் போதும். இன்னொருவருக்கு 8 போட்டாலும் காணாது. ஏன்?

மில் தொழிலாளிக்குப் புரியும்படி சொல்லுகிறேன். நமது ஈரலை ஒரு மில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறைவதற்கு வேண்டிய சரக்கு அங்கேதான் தயாராகிறது. அதற்கு வைட்டமின் கே என்ற பொருள் வேண்டும், கீரையில் இருக்கிறது. ஒருதரம் உபயோகித்த வைட்டமின் கே-யை ஈரல் வீசி எறிவதில்லை. புதுப்பித்து மறுபடி உள்ளே அனுப்புகிறது. அப்படி உள்ளே போகிற கேட்டில் உட்கார்ந்து மறியல் செய்வதுதான் வார்பரின். சரக்கு உற்பத்தி குறைகிறது. ரத்தம் உறைவது தாமதமாகிறது.

இப்போது கேளுங்கள். இரண்டு கேட் உள்ள மில்லை மறிக்க இருபது பேர் போதும். பத்து கேட் உள்ள மில்லுக்கு இருபது பேர் எந்த மூலைக்கு? நூறு பேர் வேண்டும். ஒருவருடைய ஈரலில் எத்தனை கேட் என்பதைத் தாய் தகப்பனிடமிருந்து வந்த ஒரு ஜீன் தீர்மானிக்கிறது. வி.கே.ஓ.ஆர்.சி.1 என்று அதற்குப் பெயர். பெயர் மறந்தாலும் கேட்டை மறக்காதீர்கள்.

மறியல் நடந்தால் போலீஸ் லாரி வருமல்லவா? வரும். மறியல்காரர்களை அள்ளிக்கொண்டு போகும். ஈரலில் அந்த வேலையைச் செய்வது இன்னொரு ஜீன், சி.ஒய்.பி.2சி9 என்று பெயர். சிலருக்கு அந்த லாரி மெதுவாக ஓடும். அவர்களுக்கு நேற்றைய மாத்திரை போகுமுன் இன்றைய மாத்திரை வந்து சேர்ந்துகொள்ளும். மருந்து உடம்பில் குவியும். மற்றவருக்குச் சரியான அளவு அவர்களுக்கு அதிக அளவாகிவிடும். சங்கத்தில் இருந்தவனுக்கு இந்த வைத்தியக் கணக்கு கஷ்டமே இல்லை!

இந்த ஜீன்கள் தேசத்துக்குத் தேசம் எப்படிப் பரவிக் கிடக்கின்றன? கேட் குறைவாக வைக்கிற ஜீன் வகை சீனர், ஜப்பானியரிடம் பத்துக்கு ஒன்பது. ஐரோப்பிய வெள்ளையரிடம் பத்துக்கு நான்கு. ஆப்பிரிக்க வம்சத்தாரிடம் பத்துக்கு ஒன்று. ஆகவே சராசரியில் சீனருக்குத் தினம் 3 மில்லிகிராமுக்குச் சற்று மேலே போதுமானதாக இருக்கிறது, வெள்ளையருக்கு 5, கறுப்பருக்கு 6 அளவில். நம்மவர்? பத்துக்கு ஒன்றோ இரண்டோதான்!

இங்கேதான் ஒரு வேடிக்கை நடந்தது, வினையான வேடிக்கை. மேல்நாட்டு மருத்துவக் கணக்குகளில் "ஆசியர்" என்று ஒரு கட்டம் உண்டு. 2009-ல் நான்கு கண்டங்களிலிருந்து ஐயாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்து வார்பரினுக்கு ஒரு கணக்கு வகுத்தார்கள். பெரிய காரியந்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதிலிருந்த "ஆசியர்" பெரும்பாலும் கிழக்காசியர். ஜீனைப் பார்க்காமல் "ஆசியர்" என்ற சொல்லை மட்டும் பார்த்து ஒரு தமிழருக்கு மருந்தைக் குறைத்தால் என்ன ஆகும்? அளவு போதாது. வால்வில் ரத்தம் கட்டும்.

இதை நமது சகோதரர்களே சாட்சியாக நின்று காட்டியிருக்கிறார்கள். துறைமுகத்துக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் கூலிகளாகக் கடல் கடந்து போன நமது ஜனங்களின் பேரப்பிள்ளைகள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். அங்கே சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் ஒரே ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறார்கள். அங்குள்ள டாக்டர்கள் 2006-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சீனரையும் மலாய்க்காரரையும்விட இந்தியருக்கு வார்பரின் அதிகம் தேவைப்படுகிறது என்றும், அந்த வித்தியாசத்துக்கு முக்கிய காரணம் கேட் ஜீன்தான் என்றும் நிரூபித்தார்கள். ஒரே ஊர், ஒரே ஆஸ்பத்திரி, ஒரே "ஆசியர்" கட்டம். தேவைப்பட்ட அளவு மட்டும் வேறு.

அப்படியானால் தமிழருக்கெல்லாம் அதிகமாகப் போட்டுவிடலாமா? கூடாது! போலீஸ் லாரி மெதுவாக ஓடும் வகைகளில் ஒன்று நம்மிடையே ஐரோப்பியருக்குக் குறையாமல் இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சியாளர்கள் 2005-ல் தென்னிந்திய ஜனங்களைச் சோதித்துச் சொன்ன கணக்குப்படி, நூறு ஜீன் பிரதிகளில் சுமார் எட்டு அந்த வகை. ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதிகள். ஆக, ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர் அதைச் சுமக்கிறார். இந்தக் கூட்டத்திலேயே எண்ணிப் பாருங்கள், எத்தனை பேர் என்று! கால் வீங்கிய அந்தத் தோழர் ஒருவேளை அவர்களில் ஒருவராக இருக்கலாம். அந்தத் தாய்க்குக் கேட் அதிகமாக இருக்கலாம். ஒரே தெருவில்!

ஜிப்மர்காரர்கள் அதோடு விடவில்லை. 2014-ல் வார்பரினுக்கும், 2015-ல் அசினோகுமராலுக்கும், தென்னிந்திய நோயாளிகளை வைத்தே அளவு கணக்கிடும் முறையை வகுத்து வெளியிட்டார்கள். சர்க்கார் ஆஸ்பத்திரியில், ஜனங்களின் வரிப்பணத்தில் நடந்த வேலை இது. தனியார் கம்பெனி எதுவும் இதற்காகத் தூக்கம் இழக்கவில்லை.

பிறர் கணக்கை அப்படியே எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவிலேயே சாட்சி உண்டு. 2013-ல் 1,015 நோயாளிகளை வைத்து ஒரு பரிசோதனை நடந்தது. ஜீனைப் பார்த்து மருந்து கொடுத்தால் நன்றாக இருக்குமா என்பது கேள்வி. மொத்தத்தில் லாபம் தெரியவில்லை. கறுப்பு நோயாளிகளுக்கோ, ஜீன் கணக்கில் கொடுத்தபோது நிலைமை மோசமாகவே ஆயிற்று! காரணம் என்னவென்று விஞ்ஞானிகள் யோசித்தார்கள். வெள்ளையரிடம் உள்ள ஜீன் வகைகளைத்தான் சோதித்தார்கள். ஆப்பிரிக்க வம்சத்தாரிடம் உள்ள வேறு வகைகள் அந்தச் சோதனையிலேயே இல்லை. யாரைக் கணக்கில் சேர்க்கவில்லையோ, அவர்களுக்குக் கணக்கு தப்பிற்று. அதே வருஷம் பிரிட்டனிலும் ஸ்வீடனிலும் பெரும்பாலும் வெள்ளையரிடையே நடந்த பரிசோதனையில் ஜீன் முறை பலன் தந்தது.

இந்த இடத்தில் ஒரு விஷமப் பிரசாரத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். "பார்த்தாயா, ரத்தமே வேறு வேறு என்று விஞ்ஞானம் சொல்லுகிறது, நாங்கள் சொன்ன ஜாதி சரிதான்" என்று மீசையை முறுக்கிக்கொண்டு சிலர் கிளம்புவார்கள். கிளம்பியும் இருக்கிறார்கள். விஞ்ஞானம் அப்படிச் சொல்லவில்லை. நான் சொன்ன ஜீன் வகைகள் எல்லா ஜனங்களிடமும் இருக்கின்றன; விகிதம்தான் கூடக் குறைய. சீனரில் அதிக அளவு தேவைப்படுகிறவர் உண்டு. ஆப்பிரிக்கரில் குறைந்த அளவு போதுமானவர் உண்டு. இதில் மேல் எது, கீழ் எது? கேட் இரண்டாயிருந்தால் மேல் ஜாதியா, பத்தாயிருந்தால் மேல் ஜாதியா?

ஜாதி ரத்தத்திலிருந்து வரவில்லை. ஜாதி போட்ட கல்யாண வேலிதான் ரத்தத்தில் தடம் பதித்திருக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் தங்களுக்குள்ளேயே மணம் முடித்த கூட்டங்களில் அபூர்வமான சில ஜீன் கோளாறுகள் தேங்கிவிடுகின்றன. அப்படி வைசியர்களிடையே, மயக்கமருந்தோடு கொடுக்கிற ஒரு மருந்தை உடைக்கும் சக்தி இல்லாதவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக இருக்கிறார்கள். அந்த மருந்து கொடுத்தால், ஆபரேஷன் முடிந்த பிறகும் வெகுநேரம் தானாக மூச்சுவிட முடியாமல் கிடப்பார்கள். செல்வம் படைத்தவர்களும் அவர்களில் உண்டு. செல்வம் ஜீனைத் திருத்தியதா? இல்லை. டாக்டர் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டால் உயிருக்கு ஆபத்தில்லை, அதுதான் விஷயம்.

தெரிந்ததை முன்கூட்டியே சொல்லாவிட்டால்? அதற்கும் ஒரு கதை உண்டு. மாரடைப்பு வந்தவர்களுக்குக் குளோபிடோகிரெல் என்று ஒரு மாத்திரை கொடுக்கிறார்கள். வார்பரின் குடும்பம் அல்ல. ரத்தத்தின் நுண்தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுப்பது. விழுங்கியபடியே அது வேலை செய்யாது, ஈரலில் சி.ஒய்.பி.2சி19 என்ற ஜீன் அதைத் தீட்டிக் கூர்மையாக்க வேண்டும். மழுங்கலான வகை ஜீன் இருந்தால் மாத்திரை மழுங்கலாகவே சுற்றிவரும். அந்த வகை நம் தென்னிந்தியரிடம் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாது. ஐரோப்பியரைவிட இரண்டு மடங்கு. சுமார் எட்டுப் பேரில் ஒருவருக்கு இரண்டு பிரதிகளுமே மழுங்கல்.

அமெரிக்காவின் ஹவாய் தீவுகளில் ஆசிய, பசிபிக் வம்சத்து ஜனங்கள் அதிகம். இந்த மாத்திரை அவர்களில் பலருக்குச் சரியாக வேலை செய்யாது என்பதைக் கம்பெனிகள் ஜனங்களிடம் சொல்லாமல் மறைத்தன என்று அந்த ராஜ்யம் 2014-ல் வழக்குத் தொடுத்தது. பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்குவிப், சனோபி என்ற இரண்டு பகாசுரக் கம்பெனிகள். 2021-ல் 83 கோடி டாலருக்கு மேல் அபராதம் விதித்துத் தீர்ப்பு. கம்பெனிகள் அப்பீல் செய்தன. 2023-ல் மேல் கோர்ட்டு அந்தத் தீர்ப்பின் ஒரு பகுதியை ரத்துசெய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. 2024-ல் மறுபடியும் தீர்ப்பு: 91 கோடி டாலருக்கு மேல்! கம்பெனிகள் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. மறுபடி அப்பீல் என்றன. மருந்துக்கான எச்சரிக்கை 2010-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் உத்தரவால் அட்டையில் ஏறிவிட்டது. அதற்கு முன் விற்ற வருஷங்களைப் பற்றித்தான் வழக்கு. (நம் ஊரில் மருந்து அட்டையின் உள்ளே மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதத்தை யார் படிக்கிறார்கள், எந்தப் பாஷையில் படிக்கிறார்கள் என்பது தனி வழக்கு.)

சரி, நாம் என்ன செய்வது? ஜீன் சோதனை எல்லோருக்கும் உடனே வேண்டும் என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் அது தவறான இடத்தில் கேட்டதாகும். ஜீன் சோதனை முதல் சில வாரங்களில் எந்த அளவில் துவக்குவது என்று வழிகாட்டும். வயது, எடை, ஜீன் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும், மனிதனுக்கு மனிதன் உள்ள வித்தியாசத்தில் பாதியளவுதான் விளங்குகிறது. மீதியைச் சொல்ல ஒரே சாட்சிதான் உண்டு: அவரவர் ரத்தம். அதைக் கேட்கும் முறைக்கு ஐ.என்.ஆர். சோதனை என்று பெயர். எந்த லாபரெட்டரியில் பார்த்தாலும் ஒரே கணக்கு வரும்படி 1983-ல் உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த பொதுவான அளவுகோல் அது. மருந்து சாப்பிடாதவருக்கு 1. மருந்து சாப்பிடுகிற பலருக்கு 2-லிருந்து 3-க்குள் நிற்க வேண்டும்; சில உலோக வால்வுகளுக்கு 3.5 வரை. யாருக்கு எது என்று டாக்டர் சொல்வார். சீனனா, தமிழனா, எந்த ஜாதி என்று அந்தச் சோதனை கேட்பதில்லை. ஒரு சொட்டு ரத்தம், ஒரு எண்.

இந்த மாத்திரை யாருக்கு அதிகம் வேண்டியிருக்கிறது தெரியுமா? சிறுவயதில் தொண்டை வலி, பிறகு மூட்டுவாதக் காய்ச்சல், பிறகு இருதய வால்வு கெட்டுப்போவது. இது நெருக்கடியான குடிசையில் நாலைந்து குழந்தைகள் ஒரே பாயில் படுக்கிற வீடுகளின் நோய். வீடும் பென்சிலினும் கிடைத்த நாடுகளில் அநேகமாக ஒழிந்துவிட்டது. வால்வு வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும் என்ற நிலையைத் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா நிலையத்து விஞ்ஞானிகள் மாற்றினார்கள். 1990 டிசம்பரில் அவர்கள் செய்த வால்வு முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. ஆனால் உலோக வால்வு வைத்தால் ஆயுள் முழுதும் இந்த மாத்திரை. இப்போது சோதனையே வேண்டாத புது மாத்திரைகள் வந்திருக்கின்றனவே என்று கேட்பீர்கள். வந்திருக்கின்றன, வேறு காரணத்துக்குச் சாப்பிடுகிற பலருக்கு உதவுகின்றன. உலோக வால்வுக்கு அவை ஆகாது. மூட்டுவாதக் காய்ச்சலால் வால்வு சுருங்கி, இருதயத் துடிப்பு தாறுமாறாகிப் போனவர்களுக்கும் பழைய மாத்திரையே மேல் என்று 2022-ல் 24 நாடுகளில் நடந்த ஆராய்ச்சி காட்டிற்று. ஆகவே ஏழைக்கு இன்னும் வார்பரின்தான். ஏழைக்குத்தான் சோதனை எட்டாத தூரத்தில் இருக்கிறது.

மில் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. என்று ஒன்றாவது உண்டு. கரும்பு வெட்டுகிறவருக்கும் நாற்று நடுகிற தாய்க்கும்? ஒரு சொட்டு ரத்தத்துக்காகப் பஸ் ஏறி மதுரைக்குப் போக வேண்டும். ஒருநாள் கூலி போயிற்று. இரண்டு தரம் போவார்கள். மூன்றாம் தரம் "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று நின்றுவிடுவார்கள். இதை அஜாக்கிரதை என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதுகிறார்கள். நான் இதைக் கூலி என்று எழுதுவேன்.

2021-லிருந்து ரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. நல்ல காரியம், வரவேற்கிறோம். அதே பையில், விரல் நுனியில் குத்தி ஐ.என்.ஆர். பார்க்கும் சிறு கருவி ஒன்றும் வரக் கூடாதா? ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை இந்தச் சோதனைக்கென்று ஒருநாள் ஒதுக்கக் கூடாதா? அந்த நாளுக்குக் கூலி ஈடு தரக் கூடாதா? ஜிப்மர் வகுத்த கணக்கு தமிழ்நாட்டின் வால்வு நோயாளிகளுக்கு எட்ட வேண்டாமா?

அதுவரை, இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் மாத்திரையை ஒருவர் வாங்கக் கூடாது. கட்டிய பெண்டாட்டி, பெற்ற பிள்ளை என்றாலும் கூடாது. முருங்கைக் கீரையும் அகத்திக் கீரையும் விஷமல்ல, விட வேண்டாம். ஆனால் ஒரு வாரம் சட்டி சட்டியாக, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று சாப்பிடாதீர்கள். இடுப்பு வலிக்குப் பெட்டிக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். வலி மாத்திரையும் இதுவும் சேர்ந்தால் குடலில் ரத்தம் கசியும். காசநோய் மருந்து துவக்கினால், நிறுத்தினால், இருதய டாக்டருக்குத் தெரிய வேண்டும். அது இந்த மருந்தின் வேகத்தையே மாற்றிவிடும். கர்ப்பம் தரிக்க நினைக்கிற பெண்கள் முன்னாலேயே டாக்டரைக் கேட்க வேண்டும்; வயிற்றிலுள்ள சிசுவை இது பாதிக்கும். பயந்துகொண்டு நீங்களாக நிறுத்தவும் கூடாது. இளவட்டங்களுக்கு ஒரு வார்த்தை: இந்த மாத்திரை சாப்பிடுகிறவன் வாடிவாசல் பக்கமே போகக் கூடாது. வீரத்தைக் காட்ட வேறு இடங்கள் இருக்கின்றன.

அந்தத் தாய் இப்போது ஒரு பள்ளிக்கூட நோட்டு வைத்திருக்கிறார். தேதி, சோதனையில் வந்த எண், மாத்திரையின் அளவு, மூன்று பத்தி. மகள் எழுதிக் கொடுக்கிறாள். சென்ற தடவை டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் சீட்டு எழுதினாராம். சர்க்காருக்கு அனுப்பும் மனுவோடு அப்படிப்பட்ட நோட்டுகளின் நகல் ஐம்பதாவது சேர்க்க வேண்டும் என்பது என் யோசனை. கூட்டம் முடிந்ததும், வால்வு மாற்றியவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், அவர்கள் வீட்டாரும் மேடைக்குப் பக்கத்தில் கொஞ்சம் இருங்கள். மேஜையில் காகிதம் இருக்கிறது. கடைசியாக எப்போது சோதனை பார்த்தீர்கள், அதற்காக எத்தனை நாள் கூலி போயிற்று என்பதைப் பெயரோடு எழுதிக் கொள்கிறோம்.